கட்டிலை விட்டு இறக்குங்கள்!

பக்கவாதம் வந்து, மருத்துவமனையில் சில நாள் இருந்துவிட்டு வீடு திரும்பும் பெரியவருக்கு நாம் முதலில் செய்வது, கூடத்தில் டி.வி.யைப் பார்த்தாற்போல் ஒரு கட்டில் போடுவதுதான். கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர்ச் சொம்பு. மருமகள் ஊட்டிவிடுகிறார். மகன் தூக்கி உட்காரவைக்கிறார். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் வைத்துவிட்டு, "ஒண்ணும் அலட்டிக்காதீங்க மாமா, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அத்தனையும் அன்புதான். ஆனால், மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். பல வீடுகளில் வாதம் வந்த கை மார்போடு மடங்கி இறுகியிருக்கும். பாதம் கீழ்நோக்கி விறைத்து, தரையில் பதியவே பதியாது. நோய் பறித்துக்கொண்டது பாதி என்றால், படுக்கை பறித்துக்கொண்டது மீதி.

மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் கடன் வாங்கிச் செலவு செய்யும் குடும்பங்கள்கூட, உடலை மறுபடி அசைக்கக் கற்றுத்தரும் சிகிச்சையைக் கடைசியில்தான் நினைக்கின்றன. "பிசியோவா? அது கால் பிடிச்சுவிடறதுதானே" என்று கேட்பவர்கள் படித்த வீடுகளிலும் உண்டு. அசைவு ஒரு மருந்து. அதற்கும் அளவு உண்டு, வேளை உண்டு, தவறினால் விளைவும் உண்டு. இதை நாம் உணராததால் நடக்க வேண்டியவர்கள் படுத்துக் கிடக்கிறார்கள்.

மூன்று வாரம் செய்த சேதம்

1966ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. இருபது வயதையொட்டிய, நோய் நொடி இல்லாத ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் சோதனை. மூன்று வார முடிவில், கடுமையாக உழைக்கும்போது உடலால் பயன்படுத்த முடிகிற ஆக்சிஜனின் அளவு, அதாவது அவர்களின் தாக்குப்பிடிக்கும் திறன், கால் பங்குக்கும் மேல் சரிந்திருந்தது. பிறகு பயிற்சி கொடுத்து அவர்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐந்து பேரையும் மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டு வயோதிகம் அவர்களின் திறனைக் குறைத்ததைவிட, இருபது வயதில் படுத்துக் கிடந்த அந்த மூன்று வாரம் அதிகமாகக் குறைத்திருந்தது.

இருபது வயது உடலுக்கே இந்தக் கதி. முதியவர்களுக்கு? சராசரியாக 67 வயதுள்ள, ஆரோக்கியமான சிலரைப் பத்து நாள் மட்டும் படுக்கவைத்துப் பார்த்த இன்னொரு அமெரிக்க ஆய்வு 2007இல் வெளிவந்தது. பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. காய்ச்சலுக்கோ நிமோனியாவுக்கோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, பத்து நாள் கழித்து வீடு திரும்பும் பாட்டி, "போகும்போது நல்லாத்தான் நடந்து போனேன், இப்போ கால்ல தெம்பே இல்ல" என்று சொல்வதன் காரணம் இதுதான். அவர் குணமாகித்தான் வந்திருக்கிறார். ஆனால், கழிவறைக்குப் போய் எழுந்து வரத் தேவையான தசை கரைந்துபோயிருக்கிறது.

படுத்த உடலில் இன்னும் பல நடக்கின்றன. கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி, காலில் தேங்கும் ரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகிறது. அது நின்றால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறையும் அபாயம். நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தங்குகிறது. ஒரே பக்கம் அழுந்தும் தோல் புண்ணாகிறது. அதனால்தான் தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள். மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுகள் குறுகி, கை கால் எந்தக் கோணத்தில் கிடந்ததோ அந்தக் கோணத்திலேயே இறுகிப்போகின்றன. அப்படி இறுகியதைத் திரும்ப இளக்க மாதங்கள் ஆகும். சில சமயம் அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும்.

"கக்கத்துல கை கொடுத்துத் தூக்காதீங்க!"

நல்ல பிசியோதெரபி எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காக, ஒரு வீட்டில் நடக்கும் அரை மணி நேரத்தைச் சொல்கிறேன்.

வலப்பக்கம் வாதம் அடித்த அம்மாள் ஒருவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே பிசியோதெரபிஸ்ட்டாக ஓர் இளம்பெண். அம்மாளை எழுப்பிவிட மருமகள் பின்னால் வந்து கக்கத்தில் கை கொடுக்கிறார். "அக்கா, அப்படித் தூக்காதீங்க! தோள்மூட்டு இறங்கிடும்" என்று உடனே தடுக்கிறார் அந்தப் பெண். காரணம் இருக்கிறது. தோள் எலும்பை அதன் குழியில் பிடித்துவைத்திருப்பவை பெரும்பாலும் தசைகளே. வாதத்தில் அவை தளர்ந்துவிட்டால், கையின் சொந்தப் பாரமே எலும்பைக் கீழே இழுக்கும். அந்த நேரத்தில் கக்கத்தில் தூக்குவதும், வலுவில்லாத கையைப் பிடித்து இழுப்பதும் தோளைக் கெடுத்துவிடும். பிறகு வரும் வலியில் நோயாளி அந்தக் கையைத் தொடவே விடமாட்டார்.

அம்மாளின் இரண்டு பாதங்களையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வருமாறு இழுத்துத் தரையில் பதியவைக்கிறார் பிசியோதெரபிஸ்ட். வலுவில்லாத முழங்கால் மடங்கிவிடாதபடி தன் முழங்காலால் அண்டை கொடுக்கிறார். "பாட்டி, கைய கோத்துக்கோங்க. நல்ல கை கெட்ட கையப் பிடிச்சுக்கட்டும். முன்னால குனியுங்க... இன்னும்... மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரா வரணும். இப்போ எந்திரிங்க." அம்மாள் முனகுகிறார். பாதி எழுந்து தொப்பென்று உட்காருகிறார். மறுபடி. மூன்றாவது தடவை நின்றுவிடுகிறார். நின்றதும் உடம்பு இடப்பக்கமாகவே சாய்கிறது. வலது காலில் பாரம் போட மனம் துணியவில்லை. "வலது காலையும் நம்புங்க பாட்டி, அது உங்க காலுதான்." பத்து விநாடி நிற்கிறார். பிறகு மெதுவாக, விழாமல், கட்டுப்பாட்டோடு உட்கார வேண்டும். அதுவும் பயிற்சியில் சேர்த்தி.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒன்றுமே இல்லாத வேலை. ஆனால், இதில் மூளைக்குள் நடப்பது பெரிய வேலை. பக்கவாதத்தில் சேதமான மூளைப்பகுதி பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. பக்கத்துப் பகுதிகளும் மிச்சமிருக்கும் நரம்பு வழிகளும் அந்தப் பணியை எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் திரும்பத் திரும்ப முயல்வதால் மட்டுமே வருகிறது. மூளை மிக வேகமாகப் பழகுவது முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும்தான். அந்தப் பொன்னான காலத்தைத்தான் நாம் "உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று கட்டிலில் கழித்துவிடுகிறோம்.

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதில் முக்கியமான ஒன்றைக் கண்டறிந்தார். வாதம் வந்தவர் வலுவில்லாத கையால் இரண்டு முறை முயன்று தோற்றதும், எல்லா வேலைக்கும் நல்ல கையையே நீட்டப் பழகிவிடுகிறார். கொஞ்சம் உயிர் திரும்பிய பிறகும் அந்தக் கை சும்மாவே கிடக்கிறது. இதை மாற்ற அவர் வகுத்த சிகிச்சையில், நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிப்போட்டுவிட்டு, வலுவில்லாத கையாலேயே நாள் முழுக்க வேலை செய்யவைப்பார்கள். ஓரளவு விரல் அசைவு உள்ளவர்களுக்கு இது பலன் தருவது பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. அவர் சட்டைப் பொத்தானைப் போட ஐந்து நிமிடம் எடுத்தால், ஐந்து நிமிடம் காத்திருங்கள். நீங்கள் போட்டுவிடாதீர்கள்.

அவசரமும் கூடாது. பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நோயாளியை நீண்ட நேரம் எழுப்பி நிற்கவைத்துப் பார்த்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. அப்படிச் செய்ததில் பலன் கூடவில்லை, குறைந்தது. எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். தொடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி செய்ய வேண்டும்.

வேலூரில் ஒரு சக்கர நாற்காலி

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

1940களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். நரம்பு செத்துப்போன தசைக்குப் பதிலாக, வேறோர் இடத்திலுள்ள நல்ல தசையின் நாணை எடுத்து விரலில் இணைப்பார். தையல் ஆறியதும் வேலை முடிந்துவிடாது. அதுவரை வேறு வேலை செய்துகொண்டிருந்த தசைக்கு, "இனி உன் வேலை இது" என்று கற்றுத்தர வேண்டும். நோயாளி தன் கையையே உற்றுப் பார்த்தபடி வாரக்கணக்கில் பழக வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் மிக நேர்த்தியான அறுவை சிகிச்சையும் வீண். கத்திக்குச் சமமாகப் பயிற்சியும் முக்கியம் என்பது அந்த மருத்துவமனைக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அங்கே இளம் மருத்துவராக இருந்தவர் கேரளத்தைச் சேர்ந்த மேரி வர்கீஸ். 1954இல் நடந்த கார் விபத்தில் அவருடைய தண்டுவடம் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. அறுவை சிகிச்சை நிபுணராகும் கனவு முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், உட்கார்ந்தபடியே கை அறுவை சிகிச்சை செய்யலாமே என்று ஊக்கமளித்தார் பால் பிராண்ட். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார் மேரி. பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வேலூருக்கே திரும்பினார். தண்டுவடம் அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966இல் அங்கே உருவாகக் காரணம் அவர்தான். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். பனையிலிருந்தும் மரத்திலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் விழுந்து கால் விளங்காமல் போனவர்கள், படுக்கைப்புண் வந்து சாக வேண்டியதில்லை. எழுந்து உட்காரலாம், சக்கர நாற்காலியில் ஊர் திரும்பலாம், பிழைக்கலாம் என்பதைத் தன் உடம்பைக் கொண்டே காட்டியவர் அவர்.

தெற்கே ஆய்க்குடியில் இன்னொரு வரலாறு. இன்றைய தென்காசி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன், பொறியியல் கல்லூரி மாணவராக இருந்தபோது 1975இல் பெங்களூரில் கடற்படைத் தேர்வில் கலந்துகொண்டார். அங்கே கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவரான அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் 1981இல் அவர் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். வளர்ச்சி தாமதமாகும் குழந்தைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்து, அவர்களின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பதில் அந்த அமைப்பு நாட்டுக்கே முன்னோடி. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் வழியாகச் சிகிச்சையை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். தலை நிற்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கூலியை விட்டுவிட்டு, மூன்று பஸ் மாறி நகரத்துக்கு வாரம் மூன்று நாள் வர எந்தத் தாயால் முடியும்? ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

வீட்டுக்கே போக வேண்டும் என்ற இதே எண்ணம் அரசுத் திட்டத்திலும் இடம்பெற்றது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டில் வந்து மாத்திரை தருவது பலருக்கும் தெரியும். இயன்முறை சிகிச்சையும், அதாவது பிசியோதெரபியும், அதில் ஓர் அங்கம் என்பது தெரிந்தவர்கள் குறைவு. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதையும் இந்தத் திட்டம் பெற்றது. மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், ஒரு வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்ற ஏற்பாடு போதாது. ஒரு கிராமப்புற வட்டாரத்தில் லட்சம் பேர் அளவில் மக்கள் இருக்கிறார்கள். பக்கவாத நோயாளிக்கு வாரத்தில் பல நாள் பயிற்சி வேண்டும். ஒருவரே எத்தனை ஊர் போவார்? ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் என்ற நிலை வர வேண்டும். படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் நம் மாநிலத்தில் ஏராளமாக இருக்கிறார்கள்; அவர்களுக்குப் பணியிடங்கள்தான் வேண்டும்.

முட்டிக்கு அடியில் தலையணை

பக்கவாதத்தையும் தண்டுவடக் காயத்தையும் விடுங்கள். நாற்பது வயதுக்கு மேல் நம் வீடுகளில் தினமும் கேட்கும் குரல் முட்டிவலி.

"முட்டி தேஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டாங்க. இனிமே நடந்தா இன்னும் தேயும்ல?" இப்படிக் கேட்காத ஆள் இல்லை. நம் முழங்கால் வண்டிச் சக்கரம் அல்ல, ஓட்டியதால் மட்டும் தேய்ந்துபோவதற்கு. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. பாரம் விழும்போது அழுந்தியும், பாரம் நீங்கும்போது விரிந்தும், மூட்டு நீரிலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. அசைவே அதன் சாப்பாடு. வலிக்கிறதே என்று நடப்பதை விட்டால், தொடையின் முன்பக்கத் தசை மெலிகிறது. அந்தத் தசை வாங்க வேண்டிய பாரமும் மூட்டின்மேல் விழுகிறது. வலி கூடுகிறது. மேலும் உட்கார்ந்துவிடுகிறார்கள். எடை ஏறுகிறது. இந்தச் சுழலை உடைக்கும் வழி தொடைத் தசையைப் பலப்படுத்துவதும், எடையைக் குறைப்பதும்தான். எந்தத் தைலமும் அதைச் செய்யாது.

இன்னொரு வழக்கத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பலரும் இரவில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்கிறார்கள். சுகமாகத்தான் இருக்கும். ஆனால், இரவெல்லாம் மடங்கியே கிடக்கும் முட்டி, நாளடைவில் முழுதாக நீளாது. நீளாத காலால் நடந்தால் நொண்டும். இடுப்பும் முதுகும் சேர்ந்து வலிக்கும். தலையணை வேண்டுமென்றால் முட்டி தொங்காமல் கணுக்கால் வரை முழுக்காலையும் தாங்குமாறு வையுங்கள். பயிற்சிக்காக முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து விநாடி பிடித்துவிடச் சொல்வார்கள். அது வேறு, பத்து முறை அழுத்தியதும் துண்டை எடுத்துவிட வேண்டும்.

முதுகுவலியிலும் இதே கதை. ஒரு காலத்தில் மருத்துவர்களே வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். 1986இல் வந்த ஓர் ஆய்வில், ஏழு நாள் படுத்தவர்களைவிட இரண்டு நாள் படுத்தவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள், வலியில் வித்தியாசமில்லை. இன்று உலகெங்கும் சொல்லப்படும் அறிவுரை, முடிந்த அளவு வழக்கமான வேலையைத் தொடரச் சொல்வதுதான். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'எல்4-எல்5 டிஸ்க் விலகல்' என்று பார்த்ததும் குடும்பமே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதில் 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பதுபோல் அதுவும் வயதோடு வருவது. காலில் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ அது வேறு விஷயம். அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளின் தோள் பற்றியும் ஒரு வார்த்தை. தலை வாரக் கை தூக்க வரவில்லை, ஜாக்கெட் கொக்கியைப் போட முடியவில்லை, அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றால் அது இறுகிய தோளாக இருக்கலாம். மற்றவர்களைவிடச் சர்க்கரை நோயாளிகளுக்கு இது பல மடங்கு அதிகமாக வருகிறது. வலிக்கிறதே என்று கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டால் இன்னும் இறுகும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சுவரில் விரல்களை ஏணிபோல் மேலே நகர்த்தும் எளிய பயிற்சியைத் தினமும் செய்பவர்கள் நாளாவட்டத்தில் கையை மீட்டுக்கொள்கிறார்கள். நேரம் பிடிக்கும். பொறுமை வேண்டும்.

தொண்ணூறிலும் முடியும்

"வயசாயிடுச்சு, இனிமே என்ன எக்சர்சைஸ்?" என்ற சலிப்புக்கு 1990லேயே பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில், 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தள்ளாத வயது, பல நோய்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். தசைக்கு வயது ஒரு தடையே இல்லை. வேலை கொடுத்தால் அது வளர்கிறது.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு நடை மட்டும் போதாது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொன்னது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்போடு, குறைந்தது மூன்று நாள் தடுமாற்றத்தைத் தவிர்க்கும் சமநிலைப் பயிற்சியும் வலுப் பயிற்சியும் வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. இவற்றுக்கு ஜிம் தேவையில்லை. உங்கள் வீட்டுப் பெரியவரை இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். பக்கத்தில் நின்றுகொண்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால், அல்லது எழவே முடியாவிட்டால், அவர் குளியலறையில் விழக்கூடியவர் என்று பொருள். இடுப்பெலும்பு முறிந்த பிறகு ஓடுவதைவிட, இப்போதே பயிற்சியைத் தொடங்குவது எவ்வளவோ மேல்.

பெண்கள் விஷயத்தில் எனக்குத் தனிக் கவலை உண்டு. 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024இல் வெளியான கணக்குப்படி, இந்தியாவில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். நாள் முழுக்க வீட்டில் நின்றுகொண்டே இருக்கும் பெண்ணைப் பார்த்து உழைப்பு போதவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அவருடைய களைப்பு உண்மையானது. ஆனால், அடுப்பு முன்னால் ஒரே இடத்தில் நிற்பது காலை வீங்கவைக்கிறதே தவிர, தசையையும் இதயத்தையும் பலப்படுத்துவதில்லை. விடியற்காலையில் பூங்காவில் கணவர் நடந்துகொண்டிருக்கும்போது மனைவி டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறார். மாலையில் தெருவில் நடக்க வெளிச்சமில்லை, நடைபாதையில் வண்டி நிற்கிறது. அந்த 57 சதவீதத்துக்குச் சோம்பல் காரணமில்லை. வீட்டு வேலையைப் பங்கு போடாத ஆண்களும், நடக்க இடம் விடாத ஊர்களும்தான் காரணம்.

'கரண்ட்' மட்டும் போதுமா?

பிசியோதெரபி என்ற பெயரில் நடப்பதெல்லாம் பிசியோதெரபி இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். படுக்கவைத்து, 'கரண்ட்' வைத்து, இருபது நிமிடம் கழித்து மெஷினை எடுத்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. மின் சிகிச்சையும் ஒத்தடமும் மெழுகுக் குளியலும் வலியைச் சற்று நேரம் தணிக்கும். அந்த ஆறுதலில் பயிற்சி செய்ய முடிகிறது என்பதுதான் அவற்றின் பயன். பயிற்சியே இல்லாமல் மெஷின் மட்டும் என்றால் பணமும் நாளும் போகும், உடல் அப்படியே இருக்கும்.

பல ஆண்டு படித்து, உடற்கூறையும் நோயையும் கற்று வரும் தொழில் இது. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தில், பதிவுக்கு உட்பட வேண்டிய தொழில்களில் பிசியோதெரபியும் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே, என்ன படித்திருக்கிறார் என்று கேட்பதில் தவறே இல்லை. நல்லவர் முதல் நாளில் மெஷினைத் தேட மாட்டார். உங்களை நடக்கச் சொல்லிப் பார்ப்பார், மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பார், உங்கள் வீட்டில் படிக்கட்டு எத்தனை, கழிவறை எந்த வகை என்று கேட்பார். வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லித்தந்து, மறுநாள் "செஞ்சீங்களா?" என்று விடாமல் கேட்பார். மாதக்கணக்கில் தன்னையே நம்பியிருக்கும்படி உங்களை வைத்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா? டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போது மாத்திரை எப்போது போட வேண்டும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எப்போது உட்காரவைக்கலாம், எப்போது நடக்கவைக்கலாம், என்னென்ன பயிற்சி, எத்தனை தடவை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முடிந்தால் அந்தப் பயிற்சியைச் செய்துகாட்டச் சொல்லி மொபைலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே செலவு செய்ய வசதி இல்லையென்றால், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ இயன்முறை சிகிச்சை வேண்டும் என்று பெயர் கொடுங்கள். விவரம் கேட்க 104 என்ற அரசு மருத்துவ உதவி எண் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது.